ஞானையாவுக்கு அடுத்து வில்பிரட்

ரத்தினபாய் மகளின் பிரசவத்துக்காகக் கனடா போனபோது ஆறு மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் சொன்னார். சேலையூர் அடுக்ககத்தின் லிஃப்ட் வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. இப்போது பேரன் நடக்கிறான், ஷூவைத் தானே மாட்டிக்கொள்கிறான், எதைக் கேட்டாலும் "நோ" என்கிறான். ரத்தினபாய் இன்னும் அங்கேதான் இருக்கிறார். விசாவை இரண்டு தடவை நீட்டியாயிற்று. முதல் தடவை தடுப்பூசி காரணம், இரண்டாம் தடவை பனி. மூன்றாம் தடவைக்கு என்ன காரணம் வரும் என்று இரண்டாம் மாடியில் பந்தயமே கட்டியிருப்பதாகக் கேள்வி.

கணவர் வில்பிரட்மீது யாருக்கும் குறை கிடையாது. கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் உதவியாளராக இருந்தவர். பையன்கள் ஊசலை ஆட்டிவிட, இவர் ஸ்டாப்வாட்ச் எடுத்துக் கொடுப்பார். ஓய்வு பெற்றபோது ஒரு ஸ்டாப்வாட்சையே பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போது "குட் மார்னிங்" சொல்வார். மாலையில் குப்பையைக் கொண்டுவந்து போடும்போது "குட் ஈவினிங்" சொல்வார். இடைப்பட்ட நேரத்தில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்பதில்லை என்பதைப் பக்கத்து வீட்டார் சுவரில் காதை வைத்து உறுதி செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு வரும். ரத்தினபாய் போனைப் பேரன் முன்னால் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். பேரன் தாத்தாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பான். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடுவான்.

இந்த நிலைமையில்தான் அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் அந்த அறிவிப்பு வந்தது. "தென்புறநகர்ப் பாய்ப்படகுக் கழகம். கூடிப் பாய் விரிப்போம், கூடிக் காற்றை வெல்வோம்." மற்றவர்கள் அதைப் படிக்காமலே கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். வில்பிரட் இரண்டு தடவை படித்தார். பாய், காற்று என்பதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. "கூடி" என்பது இரண்டு இடத்தில் வந்திருந்தது.

தாம்பரத்திலிருந்து கிழக்கே போகும் சாலையில், ஏரிக்கரை ஒன்றில் இருந்தது கழகம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கூட்ட அறை, கொட்டகையைவிட உயரமான ஒரு கொடிமரம். உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் முப்பத்தெட்டுப் பேர் ஏதாவது ஒரு குழுவில் இருந்தார்கள். கொடிக் குழு, கயிற்றுக் குழு, காற்றுக் கண்காணிப்புக் குழு, சிற்றுண்டிக் குழு, சிற்றுண்டிக் குழுவைக் கண்காணிக்கும் குழு. மீதி நால்வரில் ஒருவர் துபாயில் இருந்தார், ஒருவர் மூட்டு அறுவை சிகிச்சையில் இருந்தார், ஒருவர் கல்லறையில் இருந்தார். நாலாவது ஆள் வில்பிரட்.

படகுகளும் நான்கு. டிங்கி என்பார்கள், ஒரு பாய், ஒரு சுக்கான், ஓர் ஆள் உட்காரும் சின்னப் படகு. இரண்டு மக்கிப்போயிருந்தன. மூன்றாவதில் கழகத்தின் படகோட்டி லோகுவின் கோழிகள் முட்டையிட்டு வந்தன. நான்காவது மிதந்தது.

கழகத் தலைவருக்குத் தலைவர் என்று பெயரில்லை, கமடோர். கமடோர் மோகன்ராஜ் பத்திரப் பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பம்மலில் தைத்த வெள்ளைச் சீருடை, தோளில் நான்கு தங்கப் பட்டை. நான்காவது பட்டை போன வருடம் பொதுக்குழுவில் அவரே முன்மொழிந்து அவரே வழிமொழிந்து ஏறியது. வில்பிரட் சேர்ந்த அன்று அவர் ஒரு வரவேற்புரை ஆற்றினார். கேட்க வில்பிரட் ஒருவர்தான் இருந்தார், ஆனாலும் மைக் வைத்துக்கொண்டார்.

"தண்ணில இறங்குறவன்தான் பாய்ப்படகு வீரன்னு வெளியில ஒரு தாழ்வான எண்ணம் இருக்கு. நான் பதினாறு வருஷமா இறங்கல. மத்த நிர்வாகிகளும் இறங்கல. அதனாலதான் இந்தக் கழகத்துல இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடக்கல. தென்னிந்தியாவுல வேற எந்தக் கழகமாவது இப்படி மார்தட்ட முடியுமா, சொல்லுங்க."

வில்பிரட் முடியாது என்றார். அது குறிப்பேட்டில் ஏறியது.

அவர் தண்ணீரைத் தொட எட்டு மாதம் ஆயிற்று. முதல் மூன்று மாதம் நாற்காலிக் காலில் முடிச்சுப் போட்டார். அடுத்த மூன்று மாதம் கொடிகளை மனப்பாடம் செய்தார். கடைசி இரண்டு மாதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படகோட்டினார். நேரக் கணிப்பாளர் சின்னப்பன் மேசை விசிறியைத் திருப்பி வைத்து, "இப்போ வடகிழக்கு, சாயுங்க சார்" என்பார். வில்பிரட் சாய்வார். மின்சாரம் போனால் காற்று விழுந்துவிட்டதாக எழுதிக்கொள்வார்கள். வில்பிரட்டுக்கு இதில் மனக்குறை எதுவுமில்லை. விசிறியைத் திருப்பவாவது எதிரே ஓர் ஆள் இருந்தார்.

முதல் போட்டி அக்டோபரில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு. வில்பிரட் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு படகில் உட்கார்ந்தார். ஊதுகுழல் ஒலித்தது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஆகாயத்தாமரையும் இரண்டு எருமையும் தெரிந்தன. மற்றவர்கள் தாமதமாக வருவார்கள்போல என்று மெதுவாகவே போனார். நான்கு மிதவைகளையும் சுற்றி வர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. கரையில் முப்பது பேர் கைதட்டினார்கள்.

"வாழ்த்துகள் சார். ரெண்டாவது இடம்" என்றார் சின்னப்பன்.

"முதல் யாரு சார்?"

சின்னப்பன் கூட்ட அறைச் சுவரைக் காட்டினார். அங்கே மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. நிறுவனர், கமடோர் ஞானையா. 1996 டிசம்பரில் முப்பத்தோரு நிமிடம் இருபது விநாடியில் ஏரியைச் சுற்றி வந்தவர். 2011இல் காலமானவர்.

விளக்கம் எளிமையானது. போட்டி என்றால் குறைந்தது இரண்டு போட்டியாளர்கள் வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் கிடைக்காத நிலையில், ஞானையா ஆயுள் உறுப்பினர் என்பதை யாரோ நினைவூட்டினார்கள். ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று விதியில் இல்லை. எனவே கழகத்தின் ஆயுள் என்று ஒரு துணைக்குழு முடிவு செய்தது. அன்றிலிருந்து நடக்கும் ஒவ்வொரு போட்டியிலும் ஞானையா இருக்கிறார். மிகவும் நேரம் தவறாதவர். சரியாக முப்பத்தோரு நிமிடம் இருபதாவது விநாடியில் அவருக்காக ஊதுகுழல் ஊதுவார்கள்.

"அவர் வந்துட்டா நான் ஒதுங்கணுமா சார்?" என்று வில்பிரட் கேட்டார். ஆய்வக உதவியாளர் புத்தி, சந்தேகம் வந்தால் கேட்டுவிடும்.

"வலப்பக்கக் காத்துல வந்தா ஒதுங்கணும்" என்றார் சின்னப்பன். "பெரும்பாலும் அதுலதான் வருவார்."

அடுத்த சிக்கல் மூன்றாவது மிதவை. 1996இல் அது ஏரி நடுவில் மிதந்தது. அதன் பிறகு ஏரி பின்வாங்கிவிட்டது, கழகம் பின்வாங்கவில்லை. ஏரி விட்டுப்போன இடத்தில் மனை போட்டு வீடுகள் வந்துவிட்டன. போட்டித் தடத்தை மாற்றினால் ஞானையாவின் நேரம் செல்லாமல் போய்விடும் என்பதால், மிதவை இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது, வெண்ணிலா என்ற பெண்ணின் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கயிற்றுக்கும் கழிவறைக்கும் நடுவில். மிதவையைச் சுற்றாமல் போட்டி முடியாது. எனவே வில்பிரட் படகைக் கரையில் ஏற்றிவிட்டு, படகின் பிரதிநிதியாகச் சுக்கானைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, இருநூறு அடி நடந்து, மிதவையை இடமிருந்து வலமாகச் சுற்றி, திரும்பி நடந்து, சுக்கானை மாட்டிக் கிளம்ப வேண்டும். இதற்கே பத்து நிமிடம் போய்விடும்.

வெண்ணிலா சேலையூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஞாயிறு கடை முடித்துப் பதினொன்றரைக்கு வீடு வந்துவிடுவார். முதல் நாள் சுக்கானோடு ஓர் ஆள் கொல்லையைச் சுற்றுவதைப் பார்த்து மின்வாரியத்துக்காரர் என்று நினைத்தார். இரண்டாம் வாரம் கேட்டே விட்டார்.

"இன்னா சார், இந்த வாரமும் ஒண்டியாவா?"

"இல்லம்மா. இன்னொருத்தர் இருக்கார். முன்னாடி போயிட்டார்."

"நான் பாக்கவே இல்லியே."

"வேகமா போவார்."

"அப்ப இன்னாத்துக்கு நீ இப்டி ஓடிகினு கீற. மூஞ்சி வேர்த்துக் கொட்டுது பாரு. இந்தா, தண்ணி குடிச்சிட்டுப் போ."

வில்பிரட் சுக்கானைத் தோளில் வைத்தபடியே ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். வெண்ணிலா வீட்டுக்குழந்தை தொட்டிலில் அழுதது, கருவாட்டை நாய் இழுத்தது. வெண்ணிலா குழந்தையை அதட்டிவிட்டு நாயைக் கொஞ்சினார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். அது அந்த வாரத்தில் வில்பிரட்டிடம் ஒருவர் பேசிய மிக நீண்ட பேச்சு.

கரையில் சின்னப்பன் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கரணையில் பூநாரை பார்க்க வாங்கிய பைனாகுலர். பூநாரை பிடிபடவில்லை, வில்பிரட் பிடிபட்டார்.

அன்று மாலையே முறையீட்டு விசாரணை. வழக்கின் பெயர் "ஞானையா எதிர் வில்பிரட்". குற்றச்சாட்டு, போட்டியின்போது வெளியாரிடம் உதவி பெற்றது. விசாரணைக் குழுத் தலைவர் ஜெரூஷா மேடம் குரோம்பேட்டையில் தலைமையாசிரியையாக இருந்தவர். விதிப் புத்தகத்துக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டு, லேபிளில் தன் பெயர் எழுதி வைத்திருப்பார். அவருக்கு இருபுறமும் இரண்டு பேர், எதிரே ஞானையாவின் படத்துக்கு ஒரு நாற்காலி. இறந்தவர் சார்பில் கமடோர் ஆஜரானார்.

"மிஸ்டர் வில்பிரட், உங்களுக்கு அப்போ தாகமா, மயக்கமா?"

"தாகம்தான் மேடம்."

"மயக்கம்னா விதி அனுமதிக்குது. தாகம் உங்க சொந்த விஷயம். எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரு சொம்பு."

"முழுசாவா?"

"கொஞ்சம் சட்டைல சிந்திடுச்சு மேடம்."

ஜெரூஷா மேடம் "முக்கால்" என்று எழுதிக்கொண்டார்.

"அந்தப் பெண்மணி ஏதாவது பேசினாங்களா?"

"ஒண்டியாவான்னு கேட்டாங்க."

அறையில் சலசலப்பு எழுந்தது. அது வெறும் விசாரிப்பா, போட்டியைப் பற்றிய தந்திர ஆலோசனையா என்று நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. எதிராளி எங்கே இருக்கிறார் என்ற தகவல் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருப்பதாகக் கமடோர் வாதிட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"ஞானையா சார் அந்த இடத்துல இருந்திருந்தா தண்ணியைத் தொட்டிருக்கவே மாட்டார். அவரோட ஒழுக்கம் அப்படி."

ஞானையா எதைத் தொடுவார், எதைத் தொடமாட்டார் என்பது சேலையூர்க் கடைத்தெருவில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

விசாரணை மூன்று மணி நேரம் நடந்தது. நடுவில் சமோசா வந்தது, டீ வந்தது. வில்பிரட் வெட்கத்தோடு ஒன்றைக் கவனித்தார். தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஐந்து பேர் தன் முகத்தைப் பார்த்து, தான் என்ன செய்தோம், ஏன் செய்தோம், அப்போது எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்கிறார்கள். பதிலை எழுதிக்கொள்கிறார்கள். ரத்தினபாய்கூட இவ்வளவு கேட்டதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசாரணை அப்போதே முடிந்துவிடும் என்றார் ஜெரூஷா மேடம். வில்பிரட் ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. இரண்டு பேர் ஓட்டிய போட்டியில் அவரை மூன்றாவது இடத்துக்கு இறக்கினார்கள்.

எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பும் நேரம் வில்பிரட் மெல்லக் கேட்டார்.

"சார், ஒரு வேண்டுகோள். யாராவது ஒருத்தர் கூட வந்தா நல்லா இருக்கும்."

"ஞானையா சார் வர்றாரே."

"இல்ல சார், உயிரோட."

முழங்கால் வலி உள்ளவர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டார்கள். கமடோர் மோகன்ராஜ் தோளின் தங்கப் பட்டைகளைச் சரிசெய்துகொண்டார். அவருக்குக் கூட்டம் பார்த்துவிட்டால் வாய் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம்.

"ஞானையா சாரை முந்திக் காட்டுங்க, மிஸ்டர் வில்பிரட். அன்னைக்கே நான் படகுல ஏறுறேன். இது கமடோர் வார்த்தை."

கைதட்டல் கொட்டகைத் தகரத்தை ஆட்டியது. வார்த்தை குறிப்பேட்டில் ஏறியது. முந்தவே முடியாது என்ற தெம்பில் சொன்னது என்று லோகுவுக்குப் புரிந்தது, கோழிகளுக்கும் புரிந்திருக்கலாம். வில்பிரட்டுக்குப் புரியவில்லை.

மறுநாளிலிருந்து சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர் ஏரிக்கரைக்கு வர ஆரம்பித்தார். கோழிப் படகைக் காலி செய்து, லோகுவோடு சேர்ந்து ஓட்டை அடைத்தார். லோகு கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர், ஐம்பது வயது, கடலைப் பார்த்துவிட்டு இந்த ஏரியைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்.

"சார், உனுக்குக் கூட ஆளுதானே வோணும்? நான் வந்து குந்திக்கிறேன். இன்னா பெரிய விஷயம்."

"உறுப்பினர் இல்லாதவங்க படகுல உட்காரக் கூடாதாமே லோகு."

"நான் தள்ளிவுட்டாதான் படகே போவுது. குந்தினா மட்டும் முங்கிடுமா?"

வில்பிரட் விதி எண்ணைச் சொன்னார். எட்டு மாதம் படித்தவர் இல்லையா. லோகு தார் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறு அழைப்பில் ரத்தினபாய் கேட்டார், "யாரு கூட வரப்போறது?"

"கமடோர்."

"நல்லாப் பேசுவாரா?"

"நிறையப் பேசுவார்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ரத்தினபாய் போனைப் பேரனிடம் கொடுத்தார்.

நவம்பர் முழுக்க வில்பிரட் வேகத்தைக் கூட்டினார். நாற்பத்தெட்டு நிமிடம், நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று. வெண்ணிலா கொல்லையில் சொம்போடு நிற்பார். வில்பிரட் சுக்கானோடு கையைக் கூப்பிக்கொண்டே ஓடுவார்.

"சார், தண்ணி."

"வேணாம்மா, கேஸ் போட்டுடுவாங்க."

"தண்ணி குடிச்சதுக்கா? பேஜாரான ஆளுங்களா கீறாங்களே."

அதற்கு மேல் நின்று பேச நேரம் இருக்காது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். நான்காவது வாரம் வெண்ணிலா சொம்பு கொண்டுவரவில்லை. துணியைக் காயப்போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

எவ்வளவு ஓடினாலும் பத்து நிமிட நடை குறுக்கே நின்றது. இந்தக் கணக்கை வில்பிரட் ஆய்வக நோட்டில் எழுதிப் பார்த்து, நடை இருக்கும்வரை ஞானையாவை வெல்ல வழியில்லை என்று கண்டுகொண்டார். அதன் பிறகும் போனார். ஞாயிற்றுக்கிழமையை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் சக்கரம் மூழ்கியது, ஷேர் ஆட்டோ ஒன்றையும் காணோம். மூன்றாம் நாள் ஞாயிறு. மழை விட்டுக் காற்று மட்டும் பலமாக அடித்தது. வில்பிரட் ஆராதனைக்குப் போகவில்லை, முட்டளவு தண்ணீரில் நடந்து கழகத்துக்குப் போனார். அங்கே கமடோர், ஜெரூஷா மேடம், சின்னப்பன், லோகு, நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"இந்த வெள்ளத்துல போட்டியா மேடம்?" என்று அவரே கேட்டார்.

"ரத்து செய்யலாம்னுதான் வந்தோம்" என்றார் ஜெரூஷா மேடம். "ஆனா ரத்து செய்யணும்னா கூட்டத்துல ஏழு பேர் இருக்கணும். மழையால வரல. அதனால போட்டி நடக்கும்."

ஏரி அன்று பழைய ஏரியாகிவிட்டிருந்தது. விட்டுக்கொடுத்த மனைகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு விரிந்து கிடந்தது. வில்பிரட் படகில் ஏறும்போது அதைக் கவனித்தார். மூன்றாவது மிதவை மிதக்கிறது.

ஊதுகுழல் ஒலித்தது. காற்று பாயைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவர் பின்னால் சாய்ந்தார். நாற்காலியில் பழகிய சாய்வு, சரியாகவே இருந்தது. முதல் மிதவை போனது, இரண்டாவது போனது. மூன்றாவதை நெருங்கும்போது ஸ்டாப்வாட்ச் பதினேழு நிமிடம் காட்டியது. நடை இல்லை. நடக்க வேண்டிய இடத்தில் படகு போய்க்கொண்டிருந்தது, அடியில் எங்கேயோ வெண்ணிலாவின் துணிக்கயிறு கிடந்தது.

"சார். சார். இங்க பாரு."

வெண்ணிலா மொட்டைமாடியில் நின்றார், இடுப்பில் குழந்தை. கீழ்வீட்டில் ஜன்னல்வரை தண்ணீர். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். வில்பிரட்டின் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் அவரைக் கூப்பிட்டதில்லை.

"பாப்பாவுக்குப் பால் இல்ல சார். மேட்டுக் கடை தொறந்துதான் கீது. படகுல போய் ரெண்டு பாக்கெட் வாங்கினு வா. நேத்து ராத்திரிலேந்து அழுவுது."

வில்பிரட் கடையைப் பார்த்தார். போய்வர பத்து நிமிடம். ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். பதினேழு நிமிடம் முப்பது விநாடி.

"வரேம்மா. முடிச்சிட்டு வந்துடுறேன்."

"இன்னாத்த முடிச்சிட்டு?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் காற்று அவரைக் கொண்டுபோய்விட்டது. திரும்பிப் பார்க்கும்போது வெண்ணிலாவின் கை அசைந்த நிலையிலேயே அந்தரத்தில் நின்றது.

முப்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. சின்னப்பன் இரண்டு கடிகாரத்தில் பார்த்தார். ஜெரூஷா மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இருபத்தெட்டு விநாடி கழித்து ஞானையாவுக்காகவும் ஊதினார்கள், ஆனால் ஊதியவருக்கு மூச்சு சரியாக வரவில்லை. கமடோர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை லோகு அன்றுதான் முதல்முறை பார்த்தார்.

வில்பிரட் படகைத் திருப்பப் போனார். விடவில்லை. சாதனை என்றால் படகை அளக்க வேண்டும், பாயை அளக்க வேண்டும், மூன்று படிவத்தில் கையெழுத்து வேண்டும். "ஒரு குழந்தைக்குப் பால் வேணும் மேடம்" என்றார். "அது எந்தப் படிவத்துல வருது?" என்று ஜெரூஷா மேடம் உண்மையாகவே தேடிப் பார்த்தார். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு படகைக் கேட்டால், அளந்து முத்திரை வைத்த படகை எடுக்கக் கூடாது என்றார்கள். வில்பிரட் மேட்டுக் கடைக்கு நீந்தாத குறையாக நடந்துபோய் இரண்டு பாக்கெட் பால் வாங்கினார். மார்பளவு தண்ணீரில், பாலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெண்ணிலா வீட்டுப் பக்கம் போனார்.

மாடியில் யாருமில்லை.

"குப்பத்து ஆளுங்க படகு கொண்டாந்து அந்த வூட்டு ஆளுங்களை இட்டுனு போயிட்டாங்க" என்றார் எதிர் மாடிக்காரர். "அவங்க அண்ணன் வூட்டுக்கு. இனிமே இங்க வரமாட்டேன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு."

வில்பிரட் வீட்டுக்கு வந்து இரண்டு பாக்கெட்டையும் காய்ச்சினார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்துப் பார்த்தார். மீதியை என்ன செய்வது என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தண்ணீர் வடிந்த மறு வாரம் சிறப்புப் பொதுக்குழு கூடியது. வில்பிரட் சீக்கிரமே போய்விட்டார். தார் பூசிப் பெயிண்ட் அடித்த இரண்டாவது படகைத் துடைத்து, பாயைக் கட்டி, கமடோருக்கு உட்கார வசதியாக ஒரு மெத்தைத் துண்டும் போட்டு வைத்தார். கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அந்தப் படகை லோகுவும் நான்கு பேரும் தூக்கிக் கூட்ட அறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அவருடைய படகும் இருந்தது, மாலையோடு.

கமடோர் மைக்கைப் பிடித்தார்.

"நான் ஒரு வார்த்தை கொடுத்தேன். சிலர் நினைச்சிருக்கலாம், கமடோர் நழுவிடுவார்னு." பேண்ட்டை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, அறை நடுவில் இருந்த படகில் ஏறினார். மெத்தையில் உட்கார்ந்தார். புகைப்படம் எடுத்தார்கள். "ஏறிட்டேன். என் வாழ்க்கையில வார்த்தை தவறினதில்ல."

வில்பிரட் முன்னால் வந்தார். "சார், தண்ணில சார். நாம ரெண்டு பேரும்."

"அதுக்கு அவசியமே இல்லாமப் பண்ணிட்டீங்க மிஸ்டர் வில்பிரட்" என்று கமடோர் படகில் உட்கார்ந்தபடியே அவர் தோளில் கை வைத்தார். ஜெரூஷா மேடம் தீர்மானத்தைப் படித்தார். கழகத்தின் வரலாற்றில் இரண்டாவது சாதனையாளர் தோன்றியிருப்பதால், இனி இரண்டு போட்டியாளர்களும் நிரந்தரம். வில்பிரட்டின் முப்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி ஒவ்வொரு ஞாயிறும் போட்டியிடும். இரண்டு படகுகளும் வரலாற்றுச் சின்னங்கள், யாரும் தொடக் கூடாது.

"அப்போ நான்?" என்றார் வில்பிரட்.

"நீங்க இனிமே வரவேண்டியதே இல்ல சார்" என்று சின்னப்பன் பெருமையோடு அவர் கையைக் குலுக்கினார். "உங்க நேரமே வந்துடும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வில்பிரட்டின் கையும் தூக்கியவர்கள் கணக்கில் சேர்ந்தது. அவர் ஏதோ கேட்பதற்காகத் தூக்கியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரத்தான் வந்தார். பழக்கம். குழுக்கள் எல்லாம் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன, ஏரி காலியாகக் கிடந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனார். ஜெரூஷா மேடம் வருத்தத்தோடு எழுந்து வந்தார்.

"மிஸ்டர் வில்பிரட், தப்பா எடுத்துக்காதீங்க. போட்டி நடக்கும்போது போட்டியாளர் கரையில இருக்கக் கூடாது. விதி. நீங்க இப்போ தண்ணில இருக்கீங்க."

வில்பிரட் விதியை அறிவார். தலையாட்டிவிட்டு வெளியே போனார். லோகு கழகத்தின் கம்பிக் கதவைச் சாத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைச் சரிவில், ஓர் எருமைக்குப் பக்கத்தில், வில்பிரட் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். ஊதுகுழல் ஒலித்தது. கனடாவில் அப்போது ரத்தினபாய் தூங்கியிருப்பார். வெயில் ஏறியது. அவர் ஸ்டாப்வாட்சை எடுக்கவில்லை, அவருக்குத் தேவையில்லை.

முப்பது நிமிடம் ஐம்பத்திரண்டாவது விநாடியில் மறுபடி ஊதினார்கள். உள்ளே கைதட்டல் எழுந்தது. கொஞ்சம் தள்ளாடிய கைதட்டல், சமோசா நேரம். லோகு கதவின் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்தார்.

"கேட்டுச்சா சார்? நீ வந்து சேந்துட்ட."

"ம்" என்றார் வில்பிரட்.

லோகு கொடியை இறக்கப் போய்விட்டார். இருபத்தெட்டு விநாடி கழித்து ஞானையாவும் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.